எட்டுக் காம்பு, ஏழு வாய்

மார்ச் 3, செவ்வாய்

கிளினிக் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் ஆள். எதிர் அடுக்குமாடியின் வாட்ச்மேன், கையில் ஒரு அட்டைப்பெட்டி. தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் கிடந்ததாம். உள்ளே ஒரு சாம்பல் நிறத் தாய்ப்பூனை, அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு மூன்று குட்டிகள். குட்டிகளுக்குக் கண் பாதிதான் திறந்திருக்கிறது, எட்டு ஒன்பது நாள் இருக்கும். தாய் தலையையே தூக்கவில்லை. பெட்டியின் ஒரு மூலை முழுக்க மஞ்சள் வாந்தி.

"பாத்துக்கங்கம்மா, எனக்கு ட்யூட்டி" என்று சொல்லிவிட்டு அவர் நழுவிவிட்டார். எல்லோருக்கும் ட்யூட்டி. எனக்கு மட்டும் என்ன, உல்லாசப் பயணமா?

டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். பெட்டியைத் தனி அறையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா எங்கள் பூனை சீமாட்டியின் புகழ் பாட ஆரம்பித்துவிட்டாள். சீமாட்டி போட்ட நான்கு குட்டிகளுக்கும் இன்று பன்னிரண்டு நாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. கீழே அவள், மேலே நான். எங்கள் வீட்டுக்காரர்கள் அண்ணனும் தம்பியுமாக எங்கோ அணை கட்டும் வேலைக்குப் போய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணிமூட்டையோடு வந்து நிற்பார்கள். மற்ற நாட்களில் எங்களுக்கு ஒருத்தியை விட்டால் இன்னொருத்தி கிடையாது. ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாக இருப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நாங்கள் சண்டை போட்டதே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சண்டை போட்ட அன்றும் டீ அவள்தான் போடுவாள்.

மார்ச் 4, புதன்

தாய் போய்விட்டது. பதினொரு மணி இருக்கும்.

டாக்டர் சோதனை அட்டையில் சொட்டு விட்டுப் பார்த்தார். இரண்டு கோடு விழுந்தது. நாய்க்குப் பார்வோ என்றால் எல்லோருக்கும் தெரியும். பூனைக்கும் அது மாதிரி ஒன்று உண்டு. வாந்தி, பேதி, மூன்று நாளில் ஆள் காலி. கூண்டில், துணியில், செருப்பில் என்று மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ப்ளீச்சிங் பவுடர் தண்ணீருக்கு மட்டும்தான் சாகும். பதினொரு வருஷமாக அந்தத் தண்ணீரைக் கலந்து கலந்து என் விரல் நுனிகளில் ரேகையே இல்லை.

குட்டிகளுக்குச் சாயங்காலம் ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார் டாக்டர். அவரைக் குறை சொல்ல முடியாது. கிளினிக்கில் வேறு பூனைகள் இருக்கின்றன. பாலூட்ட ஆளும் கிடையாது.

நான் எத்தனையோ தடவை அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். பிடித்துக்கொள்வது என் வேலை, பிறகு துடைப்பதும் என் வேலை. இன்றைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அதில் ஒன்று என் கட்டைவிரலைக் காம்பு என்று நினைத்துச் சப்பியது. அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் ஒரு காரணம் தேடினால் கிடைக்காது.

நான்கு மணிக்கு டாக்டர் கேட்டபோது, மூன்றும் தானாகவே போய்விட்டன, பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். குட்டிகள் என் சாப்பாட்டுப் பைக்குள் இருந்தன.

மார்ச் 5, வியாழன்

லீவு சொல்லிவிட்டேன். மூன்றையும் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, பழைய துணியை எல்லாம் எரித்து, கையை ப்ளீச்சில் கழுவி, என் அறையில் வைத்திருக்கிறேன். வாந்தி இல்லை, பேதி இல்லை. வயிறு மட்டும் ஒட்டிக் கிடக்கிறது.

ஊசிக்குழாயால் பால் கொடுத்தால் பாதி மூக்கில் வருகிறது. விரலைச் சப்பியவள் கூட இப்போது வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

குடிக்கவில்லை. இன்னும் ஒரு நாள் தாங்கும். இரண்டு நாள் தாங்காது.

கீழே எட்டுக் காம்போடு ஒருத்தி படுத்திருக்கிறாள்.

விதி எனக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்த குட்டியைப் பதினாலு நாள் தனியாக வைக்க வேண்டும். கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு நான்தான் விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக் கொடுப்பேன். பதினாலு நாள் இவை எங்கே இருக்கும்?

மார்ச் 7, சனி

கேட்டுவிட்டேன்.

தாய் எப்படிச் செத்தது என்று அக்கா கேட்டாள். வண்டியில் அடிபட்டது என்றேன். யோசிக்காமலே வாயில் வந்தது. அவள் உச்சுக்கொட்டிவிட்டு, "இதுக்குப் போயி ரெண்டு நாளா மேலயே பூட்டிக்கிட்டு இருந்தியா? என் சீமாட்டி என்ன கஞ்சப்பயலா?" என்றாள்.

அவள் பீரோவிலிருந்து மூன்று நகப்பூச்சு பாட்டில் எடுத்துக்கொடுத்தாள். வந்த குட்டிகளுக்கு முன்கால் நகத்தில் ஒவ்வொரு பொட்டு. சிவப்பு, ரோஸ், ஊதா. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

பிறகு நான் செய்ததைக் கிளினிக்கில் பத்துத் தடவையாவது செய்திருப்பேன். சீமாட்டிக்கு மீன் கொடுத்து அக்கா அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். நான் அவள் படுக்கைத் துணியை எடுத்து மூன்று குட்டிகளையும் தலைமுதல் வால்வரை தேய்த்தேன். அவளுடைய நான்கில் ஒன்றை எடுத்து அதன் உடம்போடு இவற்றை உரசினேன். முன்பே பீய்ச்சி வைத்திருந்த அவள் பாலில் ஒவ்வொரு துளி உச்சந்தலையிலும் வாலடியிலும் தடவினேன். தாய் முதலில் முகர்வது அந்த இரண்டு இடத்தைத்தான். மூன்றையும் அடியில் வைத்து, நான்கையும் மேலே வைத்தேன்.

சீமாட்டி வந்தாள். படுக்கைக்கு ஓரடி தள்ளி நின்றாள். ரோஸை முகர்ந்துவிட்டுச் சீறினாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதியும் அளவுக்கு. நான் மூச்சு விடவில்லை. சீமாட்டி காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு மறுபடி முகர்ந்தாள். ஏதோ கணக்கு உதைக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம் அலுத்துப்போனவளாக உள்ளே இறங்கிப் படுத்து, ரோஸின் தலையில் இருந்த பாலை நக்க ஆரம்பித்தாள். நக்க ஆரம்பித்துவிட்டால் கவலை இல்லை.

ஊதாதான் முதலில் காம்பைக் கண்டுபிடித்தது. அக்கா அழுதுவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஏழும் குடிக்கின்றன. ஒரு காம்பு மிச்சம். "எட்டாவதுக்கு யாரையாவது கூட்டிட்டு வரியா?" என்று அக்கா கேட்கிறாள்.

மார்ச் 10, செவ்வாய்

வேலைக்குப் போனேன். டாக்டர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, செத்த குட்டிகளைப் பற்றி?

வீட்டில் அக்கா தராசும் கையுமாக இருக்கிறாள். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தி நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதுகிறாள். ஊதா மூன்று நாளில் நாற்பது கிராம் ஏறியிருக்கிறது. வீட்டை வேறு காலையும் மாலையும் பினாயில் போட்டுத் துடைக்கிறாள். ஏழு குழந்தை உள்ள வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா என்கிறாள். ஏழு பூனை என்று அவள் சொல்வதில்லை.

பதினாலு நாள் என்பது ரொம்பப் பயந்தவர்கள் வைத்த கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். பதினொரு வருஷம் டாக்டருக்குப் பக்கத்தில் நின்றவள் பாதி டாக்டர். அந்தப் பாதி என்னை எங்கே கொண்டுபோய் விடுமோ.

மார்ச் 12, வியாழன்

சிவப்பு செத்துவிட்டது.

காலையில் குடிக்கவில்லை. மதியம் தனியாகப் போய் மூலையில் கிடந்ததாம். நான் வந்தபோது சில்லிட்டிருந்தது. அக்காவிடம், அது ஆரம்பத்திலிருந்தே பலவீனம் என்றேன். பலவீனம்தான். அது பொய் இல்லை.

வாலடியில் மஞ்சளாக இருந்தது. துடைத்துவிட்டேன், அவள் பார்ப்பதற்குள்.

மார்ச் 13, வெள்ளி

சீமாட்டியின் குட்டியில் ஒன்று. கறுப்புக் காது உள்ளது, எல்லாவற்றிலும் குண்டு. நேற்று ராத்திரி சாப்பிடும் நேரத்தில் நன்றாக இருந்தது. காலையில் இல்லை.

இது பலவீனம் இல்லை. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

மார்ச் 14, சனி

காலையில் ரோஸ். மதியத்துக்குள் சீமாட்டியின் இன்னொரு குட்டி. அதோடு சீமாட்டியே வாந்தி எடுத்தாள், மஞ்சள்.

எங்கள் சீமாட்டிக்குத் தடுப்பூசி போடவில்லை. ஊரில் உள்ள பூனைக்கெல்லாம் போடும்போது பிடித்துக்கொள்கிறவள் நான். நம் வீட்டுப் பூனைதானே, எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்று மூன்று வருஷமாகத் தள்ளிப்போட்டேன். இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா?

அக்கா தரையில் உட்கார்ந்து செத்த குட்டியை மடியில் வைத்திருந்தாள். பிறகு ஈரத்துணியை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"நான் பினாயில் போட்டுத் தொடச்சேனே. பூனைக்கு அது ஆகாதுன்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன். அதனால இருக்குமா?"

நான் சொன்னேன் —

எழுதிவிடுகிறேன். எழுதாமல் விட்டால் நாளைக்கு நான் சொல்லவே இல்லை என்று எனக்கே தோன்றிவிடும்.

"இருக்கலாம்க்கா" என்றேன்.

பினாயில் பூனைக்கு ஆகாது என்பது உண்மை. ஆனால் இது பினாயில் இல்லை. பினாயில் வேலை எப்படி இருக்கும், இது எப்படி இருக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு வார்த்தை. இல்லை என்று சொல்லவும் அதே நேரம்தான் ஆகியிருக்கும்.

அவள் தலையாட்டினாள். முன்பே தெரிந்த ஒன்றை யாரோ உறுதிப்படுத்திவிட்ட மாதிரி தலையாட்டினாள்.

மார்ச் 15, ஞாயிறு

சீமாட்டியை டாக்டரிடம் கொண்டுபோகலாம் என்று அக்கா காலையிலிருந்து சொல்கிறாள். டாக்டர் ஊரில் இல்லை என்றேன். டாக்டர் ஊரில்தான் இருக்கிறார். சீமாட்டியைப் பார்த்ததும் சோதனை அட்டையை எடுப்பார். இரண்டு கோடு விழும். எங்கிருந்து வந்தது என்று கேட்பார். என்னைப் பார்ப்பார்.

கிளினிக்கிலிருந்து எடுத்து வந்திருந்த குளுக்கோஸைத் தோலுக்கடியில் நானே ஏற்றினேன். அவள் முனகக்கூட இல்லை. அவளிடம் பால் இல்லை. மிச்சம் இருக்கிற மூன்றும் வெறும் காம்பைச் சப்பிக்கொண்டிருக்கின்றன.

யாரைக் காப்பாற்றுகிறேன் நான்? அந்த மூணு குட்டியையா? இல்ல, என் வேலையையா? இல்ல, என் மூஞ்சியையா?

மார்ச் 16, திங்கள்

காலையில் சீமாட்டியின் மூன்றாவது. மதியம் நான்காவது. அவளுடையது என்று இனி ஒன்றும் இல்லை. ஊதா மட்டும் இருக்கிறது.

நான்காவதைத் துணியில் சுற்றி வைத்தேன். அதற்கப்புறம் எதையும் யோசிக்கவில்லை. சீமாட்டியையும் ஊதாவையும் தூக்கிக்கொண்டு போனேன். நேற்று நான் சொன்ன பொய்யை அக்கா மறந்துவிட்டிருந்தாள், அல்லது டாக்டர் ஊரிலிருந்து வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். கிளினிக்குக்குள் போகாமல் வாசலில் நின்றே டாக்டரைக் கூப்பிட்டேன். உள்ளே போனால் இன்னும் எத்தனை பூனைக்குத் தொற்றும் என்கிற அறிவு அப்போதாவது வந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"பதினாலு நாள் தனியா வைக்கணும்னு எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருப்ப?"

"எல்லாருக்கும் சார்."

"அன்னைக்கே ஊசி போட்டிருந்தா மூணோட போயிருக்கும்" என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. வராந்தாவிலேயே சீமாட்டிக்கு மருந்து ஏறியது. அவர் கையுறை மாற்றிக்கொண்டே, ஓரகத்திக்கு இது தெரியுமா என்று கேட்டார். நான் ஊதாவைச் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்தேன். மூன்று வாரம் கிளினிக் பக்கம் வராதே, உன் துணியிலும் செருப்பிலும் அது இருக்கும் என்றார்.

பதினாலு நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. இப்போது என்னைத் தனியாக வைத்திருக்கிறார்கள், இருபத்தொரு நாள்.

மார்ச் 17, செவ்வாய்

சீமாட்டி அப்படியே இருக்கிறாள்.

மார்ச் 19, வியாழன்

சீமாட்டி இரண்டு வாய் சாப்பிட்டாள். பிழைத்துவிடுவாள்.

சாப்பிட்டு முடித்ததும் தேட ஆரம்பித்தாள். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், அழுக்குத்துணிக் கூடைக்குள். ஒவ்வொரு இடத்திலும் நின்று அந்தச் சத்தத்தைக் கொடுக்கிறாள், குட்டியைக் கூப்பிடும் சத்தம். ஊதா மட்டும் தள்ளாடிக்கொண்டு வருகிறது. அதைக் கழுத்தில் கவ்வித் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகிறாள். வாயில் ஒன்றை வைத்துக்கொண்டே மற்றதைத் தேடுகிறாள்.

ஊசிக்குழாய்ப் பாலும் அவளிடம் சுரக்கிற கொஞ்சமுமாக ஊதாவின் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. எது தப்பிக்கும், எது தப்பிக்காது என்று டாக்டருக்கே தெரியவில்லையாம்.

மார்ச் 21, சனி

அக்கா பினாயில் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிட்டாள். வெறும் தண்ணீரை வைத்துத் தரையைத் தேய்க்கிறாள், முழங்காலில் உட்கார்ந்து, ஒரே இடத்தை. ஆறு நாளாக இப்படித்தான். கை தோல் உரிந்துவிட்டது. நான் துணியைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை.

"எனக்கு இது ரெண்டாவது தடவ" என்றாள்.

இதைப் பற்றி அவள் என்னிடம் பேசியதே இல்லை. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு நடந்தது, பதினான்கு வருஷம் இருக்கும். நாற்பது நாள் குழந்தை. வெயில் என்று ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க வைத்திருக்கிறாள். மறுநாள் காய்ச்சல், மூன்றாம் நாள் இல்லை. காற்றுப் பட்டதால்தான் இருக்குமோ என்று யாரோ ஒருவர் கேட்டாராம். ஆமாம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

"அவரும் சொல்லல, அத்தையும் சொல்லல. டாக்டரம்மாகிட்ட கேக்க எனக்குத் தைரியம் இல்ல. ஆமான்னுட்டாங்கன்னா?" என்றாள். பிறகு துணியைப் பிழிந்தாள்.

நான் மேலே வந்துவிட்டேன். வந்துவிட்டேன் என்பதைத்தான் எழுத வேண்டும். அவளிடம் உட்காரவில்லை. ஒரு வார்த்தை வாயில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டேன்.

ச்சீ. என்ன மனுஷி நான்.

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிவிட்டேன். காலையில், அவள் டீ போட்டுக்கொண்டிருந்தபோது.

வண்டியில் அடிபடல, நோயில செத்துச்சுன்னு சொன்னேன். டாக்டர் ஊசி போடச் சொன்னதையும் நான் திருடிட்டு வந்ததையும் சொன்னேன். நாந்தான் கொண்டாந்தேன், என் பையில வச்சு நாந்தான் உங்க வீட்டுக்குக் கொண்டாந்தேன்னு சொன்னேன். பினாயில் இல்லன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும்னும் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். டீ பொங்கி வழிந்திருந்தது.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் உன்னக் கேட்டப்போ தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடுப்பு மேடையைத் துடைத்தாள். டம்ளர் இரண்டையும் கழுவிக் கவிழ்த்தாள். அப்புறம், "மேல போ" என்றாள்.

வந்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

உள் மாடிப்படியின் கீழ்க்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருப்பதே இன்றுதான் எனக்குத் தெரியும். வெளிப்படி வழியாகப் போய்வருகிறேன்.

மார்ச் 27, வெள்ளி

அவர் போன் பண்ணினார். அண்ணியும் நீயும் என்ன, மறுபடி மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்களா என்று சிரித்தார். ஆமாம் என்றேன். எதுக்கு என்று கேட்டார். பூனைக்கு என்றேன். அவர் இன்னும் சிரித்தார்.

ஏப்ரல் 1, புதன்

கீழே ஊதா கத்தும் சத்தம் கேட்கிறது. உயிரோடு இருக்கிறது.

வெளி ஜன்னல் விளிம்பில் ப்ளீச்சிங் பவுடர் பொட்டலமும், எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, பூனைகளை எவ்வளவு நேரம் வேறு அறையில் வைக்க வேண்டும் என்று எழுதிய தாளும் வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் பொட்டலத்தைக் காணோம். தாள் அங்கேயே இருந்தது. அடியில் நான் போட்டிருந்த மன்னிப்பு வரியை மட்டும் யாரோ கிழித்து எடுத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ள எடுத்தாளா, எறிய எடுத்தாளா? கேட்கிற இடத்தில் நான் இல்லை.

ஏப்ரல் 6, திங்கள்

மூன்று வாரம் முடிந்து இன்று வேலைக்குப் போனேன். டாக்டர் பழைய பதிவேட்டை எடுத்து மார்ச் நான்காம் தேதிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். 'மூன்று குட்டிகள் இறப்பு' என்பதை அடித்துவிட்டு, நடந்ததை என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். ஆறு குட்டிகள் என்று வந்தது. அவர் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார். இன்றைக்கு முதல் ஆள் ஒரு முயல், காதில் புண்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் லேசாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதுவும் என் சௌகரியம்தான்.

ஏப்ரல் 9, வியாழன்

வெளிப்படியில் இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சீமாட்டி படுத்திருந்தாள், ஊதா அவள் வாலைப் பிடிக்கத் தாவி, குறி தவறிச் சுவரில் முட்டி விழுந்தது. மறுபடி எழுந்து மறுபடி விழுந்தது. நான் அது நடக்கும் விதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கிளினிக்கில் இந்த நடையை முன்பே பார்த்திருக்கிறேன். அக்கா வருவது தெரிந்து இறங்கிப் போய்விட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கீழ்க்கதவின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா மேலே வந்தாள். மெலிந்திருந்தாள். கையில் துண்டில் சுற்றிய ஊதா.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குட்டியைத் தரையில் விட்டாள். அது கால்களை அகட்டி வைத்து, தலை கிடுகிடுவென்று ஆட, நான்கு அடி நடந்து பக்கவாட்டில் சாய்ந்தது. எழுந்தது. இன்னும் மூன்று அடி.

"ஒரு வாரமா பாத்துட்டு இருக்கேன். இது ஏன் இப்படி நடக்குது? உண்மையச் சொல்லு."

சொன்னேன். தாய் வயிற்றில் இருக்கும்போதோ பிறந்த கையோடோ அந்த நோய் வந்தால் மூளையில் ஒரு இடம் வளராமல் போய்விடும், நடையைப் பார்த்துக்கொள்கிற இடம். வலி கிடையாது. இதற்கு மேல் அதிகமாகாது, குறையவும் செய்யாது. மற்றபடி சாப்பிடும், விளையாடும், நன்றாகவே வாழும்.

"ஆயுசுக்கும் இப்படித்தானா?"

"ஆமாக்கா."

ஊதா என் மடித்த துணி அடுக்கில் ஏறப் பார்த்து உருண்டது. அக்கா அதை எடுத்து நிறுத்திவிட்டாள். குனிந்தபடியே கேட்டாள்.

"நான் பண்ணது எதாலயும் இல்லையே?"

"இல்லக்கா."

"அந்த நாலும்?"

"பினாயில் இல்ல. தரை இல்ல. நீங்க எதுவும் பண்ணல."

அவள் நிமிர்ந்தாள். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு."

"நீங்க எதுவும் பண்ணலக்கா."

"இன்னொரு தடவ."

சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊதாவைப் பற்றி அவள் கேட்கவில்லை, அந்த நான்கைப் பற்றியும் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த நாற்பது நாள் குழந்தையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நான் அப்போது இந்த வீட்டிலேயே இல்லை. இருந்தும் சத்தமாகச் சொன்னேன்.

அவள் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். குட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். என்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னும் ஒரு தடவை கேட்பாளோ என்று மேல்படியிலேயே ரொம்ப நேரம் நின்றிருந்தேன்.